பல்லுக்குக் கிளிப்: காப்பீடு எங்கே நிற்கிறது, செலவு எங்கே குறைகிறது

“ஏனுங்க, இது காப்பீட்டுல வருங்களா?” பல் மருத்துவமனையில் சீட்டுப் போடும் இடத்தில், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையோடு நிற்கும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். வெறும் கிளிப்புக்கு வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பிறவியில் உதடும் அண்ணமும் பிளந்த குழந்தைக்கான அறுவை சிகிச்சை அதில் உண்டு. வரிசை தப்பிய பல்லுக்குக் கம்பி கட்டுவது இல்லை. தனியார் மெடிக்ளெய்ம் பாலிசிகளும் பெரும்பாலும் விபத்தில் பல் அடிபட்டால்தான் பணம் தரும்.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் நிலைமையும் கிட்டத்தட்ட இதேதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம் செய்கிறார்கள்; முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை மில்லிலும் வேலை செய்கிற ஏராளமான குடும்பங்களுக்கு அந்த அட்டை உண்டு. பிள்ளையின் பல்லைச் சுத்தம் செய்ய, சொத்தையை அடைக்க, பிடுங்க அதைப் பயன்படுத்தலாம். கிளிப்பை அழகுக்கான செலவு என்று ஒதுக்கிவைத்திருப்பதால் அதுவரைக்கும் அட்டை போகாது.

‘வராது’ என்று கேட்டதும் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டியதில்லை. பல் சீரமைப்பு என்பது ஒரே செலவு அல்ல. எக்ஸ்ரே, அச்சு, சுத்தம், அடைப்பு, பல் பிடுங்குதல், கம்பி, மாதாமாதம் அதை இறுக்குவது, நேரான பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் என்று பத்துப் பன்னிரண்டு தனித்தனிச் செலவுகளின் கூட்டு. அவற்றில் பலவற்றை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் முடிக்கலாம். மீதியைப் பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம். எந்த வயதில் முதல் முறை காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, சில பிள்ளைகளுக்குக் கம்பியே தேவைப்படாமலும் போகும்.

எது அவசியம், எது ஆசை

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசே கிளிப் போட்டுவிடுகிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. 1989-இல் வெளியான ஓர் அளவுகோலை வைத்துப் பல் வரிசையை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். 4, 5 ஆம் படியில் இருந்தால் இலவசம். 3 ஆம் படியில் இருந்து, தோற்றமும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தால் இலவசம். அதற்குக் கீழே கைக்காசு. நமக்கு அந்தச் சலுகை இல்லையென்றாலும் அளவுகோல் நமக்கும் உதவும். கடன் வாங்கியாவது செய்ய வேண்டியது எது, காத்திருக்கலாம் என்பது எது என்று அது பிரித்துக் காட்டுகிறது.

பிள்ளையைப் பின்பற்கள் பொருந்தக் கடிக்கச் சொல்லி, கீழ் முன்பல்லின் முகப்பிலிருந்து மேல் முன்பல்லின் நுனி வரை எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து பாருங்கள். 2, 3 மில்லிமீட்டர் இயல்பு. 6-ஐத் தாண்டினால் 4 ஆம் படி, 9-ஐத் தாண்டினால் 5. எத்துப்பல் என்று நாம் சொல்வது இதைத்தான். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட, விழுந்தால் என்ன ஆகும் என்பதே இங்கே பெரிய கேள்வி. 3 மில்லிமீட்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முன்பற்கள் அடிபட்டு உடைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கபடி ஆடுகிற, சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. உடைந்த முன்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போடுகிற செலவு, கிளிப்பைப் போல ஒரு தடவையோடு முடிகிற செலவு அல்ல. அது ஆயுளுக்கும் பராமரிக்க வேண்டியது.

கீழ்ப் பற்கள் மேல் அண்ணத்தின் சதையைக் குத்துகிற ஆழ்கடி, வாய் மூடும்போது தாடை ஒரு பக்கமாக வழுக்கிப்போய்ப் பொருந்துகிற குறுக்குக்கடி, எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வராத கோரைப்பல், முளைக்காமலே போன நிரந்தரப் பற்கள், மேல் தாடையைத் தாண்டி வரும் கீழ்த் தாடை ஆகியவையும் அவசியப் பட்டியலில் சேரும். முன்பல் இரண்டுக்கும் நடுவே சிறு சந்து, ஒரு பல் லேசாகத் திரும்பியிருப்பது போன்றவை சேராது. பிள்ளைக்கு அது மனக்குறையாக இருந்தால் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதற்காக வட்டிக்கு வாங்க வேண்டாம். அந்த வேலையை இருபத்தைந்து வயதிலும் செய்துகொள்ளலாம்.

வயதுதான் பெரிய தள்ளுபடி

பதினான்கு வயதில் 40,000 ரூபாய் கேட்கிற பிரச்சினைகள் சில, பத்து வயதில் ஒரு பால்பல்லைப் பிடுங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். மேல் கோரைப்பல் பொதுவாக 11, 12 வயதில் முளைக்கும். அதற்கு முன்பே, பத்து வயதில், ஈறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பல் அண்ணத்துப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தால், அந்த இடத்தில் இருக்கும் பால் கோரைப்பல்லை அந்த வயதிலேயே எடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானே திரும்பி வழிக்கு வந்துவிடும். அரசு மருத்துவமனையில் பத்து நிமிட வேலை அது. விட்டுவிட்டால், ஈறைத் திறந்து பல்லில் கொக்கி ஒட்டி இழுத்துக் கொண்டுவர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். பக்கத்துப் பல்லின் வேரையும் அது தின்றுவிடக்கூடும்.

கீழ்த் தாடை பின்தங்கியதால் வந்த எத்துப்பல்லுக்கு, வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் ட்வின் பிளாக் என்கிற கழற்றி மாட்டும் அக்ரிலிக் கருவி உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு அதைவிட ஓரிரு வருடம் தள்ளி இதன் பருவம். முழுக் கிளிப்பைவிட மிகவும் மலிவு. தோற்றுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: பள்ளியில் கூச்சப்பட்டுக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார்கள். மருத்துவர் சொன்ன நேரம் முழுக்கப் போட்டிருந்தால்தான் பலன் கிடைக்கும். கீழ்த் தாடை முன்தள்ளியிருக்கும் பிள்ளைக்கு முகத்தில் மாட்டும் இழுவைக் கருவி பத்து வயதுக்கு முன்பு நன்றாக வேலை செய்யும். வளர்ச்சி முடிந்த பிறகு வந்தால், பதினெட்டுக்கு மேல் தாடை அறுவை சிகிச்சை வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

வாயைத் திறந்துகொண்டே தூங்குகிற, குறட்டை விடுகிற பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் பல்லை மட்டும் நேராக்கினால் திரும்பவும் பழைய இடத்துக்கே போகும். காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிவிட்டுப் பல்லுக்கு வரவேண்டும். அந்தப் பகுதி அரசு மருத்துவமனையில் இலவசமே.

அரசு மருத்துவமனையில் என்ன கிடைக்கும்

அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் முதல் வாசல் பள்ளிக்கூடமே. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிக்கும் வந்து 18 வயது வரை பரிசோதிக்கிறது. உதடு, அண்ணப் பிளவும் பல் பிரச்சினையும் அதன் பட்டியலில் உண்டு. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘புன்னகை’ திட்டம் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிப்பதற்கானது. இந்தக் குழுக்கள் எழுதித் தருகிற பரிந்துரைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். மாவட்ட மருத்துவமனையில் அதைக் காட்டினால் சுற்றவிடாமல் உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள்.

கோவை, சேலம், திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பல் பிரிவில் சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது, பல் எடுப்பது ஆகியவை நடக்கின்றன. கிளிப் போடுவதற்கு முன் இவை மூன்றும் முடிந்திருக்க வேண்டும் என்பதால், தனியாரிடம் போய்ச் செய்தால் ஆகும் சில ஆயிரம் ரூபாய் இங்கே மிச்சம். ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும்: கிளிப் போடும் ஆர்த்தோடான்டிக்ஸ் மருத்துவத்தைச் சுருக்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ‘ஆர்த்தோ’ என்று மட்டும் கேட்டால் எலும்பு முறிவுப் பிரிவுக்கு வழிகாட்டிவிடுவார்கள். ‘பல் பிரிவு’ என்றே கேளுங்கள்.

இங்கே நடக்கிற மிகப் பெரிய தவறு, திட்டம் போடுவதற்கு முன்பே பல்லைப் பிடுங்கிவிடுவது. அதுவும் தெத்துப்பல்லையே பிடுங்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்துவது. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பல் பெரும்பாலும் கோரைப்பல். வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான். வாயின் மூலையைத் தாங்கி நிற்பதும் அதுதான். கிளிப் போடும் மருத்துவர் இடம் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் முதல் முன்கடைவாய்ப் பல்லை எடுத்து, கோரைப்பல்லைப் பின்னால் இழுத்து வரிசையில் சேர்ப்பார். கோரைப்பல் போய்விட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும். அதனால் முதலில் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டி, எந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று எண்ணோடு எழுதி வாங்கி, அந்தச் சீட்டுடன் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிளவோடு பிறந்த பிள்ளைக்குக் கணக்கே வேறு. அறுவை சிகிச்சை காப்பீட்டில் வரும். ஈறு எலும்பில் உள்ள பிளவுக்கு எலும்பு வைத்து நிரப்பும் அறுவை, கோரைப்பல் முளைப்பதற்கு முன், எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் செய்ய வேண்டியது. அதற்கு முன்னால் மேல் தாடையைக் கருவி வைத்து அகலப்படுத்த வேண்டியிருக்கும். ஸ்மைல் ட்ரெயின் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து பிளவு அறுவையை இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளில், ‘பல் சீரமைப்பும் இதில் சேருமா’ என்று முதல் நாளே கேளுங்கள். சேரும் இடங்கள் இருக்கின்றன. உதடு தைத்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்று பத்து வருடம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போய்விட்டது.

கல்லூரியில் கம்பி கட்டுவது

அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் உள்ளன. மூன்றுமே கொங்கு வட்டாரத்துக்கு வெளியே. கட்டணம் குறைவுதான், ஆனால் கோவையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு இரண்டு வருடம் மாதாமாதம் போய்வர முடியாது. சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் அது சரிவரும்.

நமக்குப் பக்கத்தில் இருப்பவை தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள்: கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் கண்ணம்பாளையத்தில் ஆர்.வி.எஸ்., திருச்செங்கோட்டுப் பக்கம் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா, குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நட்ராஜா, சேலம் அரியானூரில் விநாயகா மிஷன். நகரத்து கிளினிக்கில் உலோகக் கிளிப்புக்கு 30,000-லிருந்து 60,000 வரை கேட்கிறார்கள் என்றால், கல்லூரியில் பெரும்பாலும் அதில் பாதியோ அதற்கும் கீழேயோ முடியும். தரம் குறைந்ததால் அல்ல இந்த விலை. பல் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பான மூன்று வருட எம்.டி.எஸ். படிக்கும் மருத்துவர் தம் படிப்புக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நோயாளிகளைத் தொடக்கம் முதல் பார்த்தாக வேண்டும். பேராசிரியர் திட்டத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கம்பி ஏறும். நம் பிள்ளை அவர்களுக்கும் தேவை. சிக்கலான பல் வரிசை என்றால் ஆர்வமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இதன் பலவீனமும் அதே மூன்று வருடத்தில்தான் இருக்கிறது. இறுதியாண்டு மருத்துவர் தொடங்கினால் பாதியில் அவர் படிப்பு முடிந்து போய்விடுவார். கேஸ் இன்னொருவர் கைக்கு மாறும். புதியவர் கோப்பைப் படித்து, பிள்ளையைப் பழகி, திட்டத்தைத் தொடர இரண்டு மூன்று மாதம் இழுக்கும். அதனால் முதல் நாளே மரியாதையாகக் கேளுங்கள்: “டாக்டருங்க, நீங்க எத்தனாவது வருசமுங்க?” முதலாண்டு, இரண்டாமாண்டுத் தொடக்கம் என்றால் அவரே முடித்துவைக்க வாய்ப்பு அதிகம். முதுநிலைப் பிரிவு அங்கே இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் வருகையில் கம்பி போட மாட்டார்கள். முழு வாய் எக்ஸ்ரேயான ஓ.பி.ஜி., பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, பிளாஸ்டர் அச்சு, முகத்தின் படங்கள் எல்லாம் எடுத்துத் திட்டம் போடவே இரண்டு மூன்று வருகை பிடிக்கும். எக்ஸ்ரேயின் டிஜிட்டல் நகலைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் வைத்திருங்கள். இடம் மாற நேர்ந்தால் திரும்ப எடுக்கும் செலவு மிச்சம். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதில் எக்ஸ்ரே சேருமா, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட் விழுந்தால் மறுபடி ஒட்டத் தனிக் காசா, கடைசியில் ரிடெய்னர் சேருமா என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். ரிடெய்னரைக் கணக்கில் விட்டுவிடுவதால்தான் முடியும் நேரத்தில் தகராறு வருகிறது.

இனிப் பயணக் கணக்கு. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடத்தில் சுமார் 20 வருகை. துணைக்கு வருகிறவர் நாள் கூலியில் 500 ரூபாய் விடுகிறார், பஸ்ஸும் சாப்பாடும் 200 என்று வைத்தால் 14,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்துக்குச் சமமாக வந்து நிற்கும் தொகை இது. ஆகவே 5,000 ரூபாய் குறைவு என்பதற்காக இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது லாபமில்லை. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், டவுன் பஸ் போகிற தூரத்தில் கல்லூரி இருந்தால் அம்மா கூட்டிப்போவது செலவைக் குறைக்கும். சனிக்கிழமை புறநோயாளிப் பிரிவு உண்டா என்று விசாரித்துக்கொண்டால் பள்ளி விடுப்பும் குறையும். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன் முடிந்துவிடும்.

தவணையில் கிளிப் போடுகிற கிளினிக்குகளில் ஒன்றைக் கவனியுங்கள். தவணை கிளினிக்குக்கு நேரடியாகவா, கடன் நிறுவனத்துக்கா? கடன் நிறுவனம் என்றால், சிகிச்சை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. ‘ஆறே மாதத்தில்’ என்று வாக்குக் கொடுப்பவர்களிடம், முன்கடைவாய்ப் பல் எடுத்த 7 மில்லிமீட்டர் இடைவெளியை எப்படி மூடுவீர்கள் என்று கேளுங்கள். எலும்புக்குள் பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும். வேகமாக இழுத்தால் வேர் கரையும்.

நடுவில் கெடுப்பவை

சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக உள்ள ஊர்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளையின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் தெரியும். அந்த எனாமலில் பசை சரியாகப் பிடிக்காது; பிராக்கெட் அடிக்கடி கழன்று வரும். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். மருத்துவரிடம் ஊர்ப் பெயரையும் குடிநீர் போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்பதையும் சொன்னால், ஒட்டுவதற்கு முன் அமிலப் பூச்சைக் கூடுதல் நேரம் வைப்பது, மேற்பரப்பை லேசாகத் தேய்ப்பது போன்ற முன்னேற்பாடு செய்வார்.

பிராக்கெட் ஒன்று கழன்றால் அந்தப் பல் அப்படியே நின்றுவிடும், சில நேரம் பின்னோக்கியும் போகும். ஒரு மாத வேலை வீண். முறுக்கு, தட்டுவடை, கரும்பு, தேங்காய்ச் சில்லு, கடலை மிட்டாய், எலும்பு கடிப்பது எல்லாவற்றையும் கிளிப் இருக்கும் வரை தள்ளிவைக்க வேண்டும். கொய்யாவைத் துண்டு போட்டுப் பின்பல்லால் மெல்லலாம். கம்பி மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கும். அரிசியும்பருப்புச் சாதத்தைக் குழைய வடித்து நெய் விட்டுக் கொடுங்கள், சந்தகையும் சுலபமாக இறங்கும். கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால் மருத்துவர் தரும் மெழுகை உருட்டி அதன் மேல் ஒட்டலாம்.

துலக்குவது சரியில்லையென்றால், கிளிப்பைக் கழற்றும் நாளில் பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்புபோல் வெள்ளைத் தழும்பு நிற்கும். அது சொத்தையின் தொடக்கம், முழுதாக மறையாது. காலையும் இரவும் ஃபுளோரைடு பேஸ்ட்டால், பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை கீழே ஒரு முறை சாய்த்துத் துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ் ஒன்று தேவை. ரப்பர் வளையம் கொடுத்திருந்தால் சாப்பிடும்போது தவிர நாள் முழுக்க மாட்டியிருக்க வேண்டும், தினமும் புதிது. பாக்கெட்டோடு பையில் கிடந்தால் கடி பொருந்தாது. சிகிச்சை ஆறு மாதம் நீளும்.

கம்பி கழற்றிய பல் எலும்பில் உறுதிப்பட நாளாகும். முதல் ஆறு மாதம் ரிடெய்னர் முழு நேரமும், பிறகு பல வருடம் இரவிலும். உள்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பி ரிடெய்னர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது கழன்றிருக்கிறதா என்று காட்ட வேண்டும். கழற்றி மாட்டும் தகடு என்றால் சுடுதண்ணீரில் கழுவக் கூடாது, வளைந்துவிடும். சாப்பிடும்போது கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும். டப்பாவில்தான் வைக்க வேண்டும். தொலைந்தால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே புதிது செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் விட்டால் பழைய அச்சு பொருந்தாது; புதிதாக அளவெடுத்துச் செய்தாலும், அதற்குள் நகர்ந்துவிட்ட பல்லை அது திரும்ப இழுக்காது.